பஞ்சமம் இல்லாத மூன்று

மெலடிக் மைனர் என்ற மேற்கத்திய ஸ்கேலை, அதாவது சுர வரிசையை, அதன் ஒவ்வொரு சுரத்திலிருந்தும் தொடங்கி வாசித்தால் ஏழு மோடுகள் கிடைக்கும். கர்நாடக இசை தெரிந்த ஒருவரிடம் இந்த ஏழையும் வாசித்துக் காட்டுங்கள். நான்குக்கு உடனே ராகப் பெயர் சொல்லிவிடுவார். மற்ற மூன்றையும் கேட்டு, "இது என்ன, சுருதி சேரவே மாட்டேங்குதே" என்பார். வேடிக்கை என்னவென்றால், ஜாஸ் கிட்டார்காரர்கள் ராப்பகலாக உட்கார்ந்து தேய்ப்பதில் பெரும்பங்கு அந்த மூன்றுதான். நம் மேளகர்த்தா, அதாவது 72 தாய் ராகங்களின் அட்டவணை, வாசலிலேயே நிறுத்தி வைத்ததை அவர்கள் கூப்பிட்டு நடுக்கூடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது பிடிபட்டால் மெலடிக் மைனரில் பாதி வேலை முடிந்தது என்பது என் கட்சி.

நான் பாண்டிச்சேரி முத்தியால்பேட்டைக்காரன். கல்யாண ரிசப்ஷன்களில் மெல்லிசைக் குழுவுக்கு வாசித்துக் கை பழகியவன். ஜாஸ் என் காதில் விழுந்தது குழுவில் பாஸ் வாசித்த அண்ணன் வீட்டில். அவருடைய அப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு பாண்டிக்குத் திரும்பியபோது ஒரு பெட்டி நிறைய எல்.பி. ரெக்கார்டுகளையும் கொண்டுவந்தவர். கடல்காற்றில் அட்டையெல்லாம் பூத்துப்போயிருக்கும், தட்டு மட்டும் பாடும். இப்போது அண்ணனும் நானும் வெள்ளைக்காரத் தெருப் பக்கம் உணவகங்களில் வார இறுதியில் வாசிக்கிறோம். பகலில் சில பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் கையில் ஒரு அட்டவணையோடுதான் வருகிறார்கள்: ஏழு மோடு, ஏழு பெயர், ஏழு விரல் வரைபடம். அதை மனப்பாடம் செய்வதற்குள் கிட்டாரே வெறுத்துவிடும்.

அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு ஸ்கேலிலிருந்தே தொடங்கலாம். சி மெலடிக் மைனர் என்றால் சி, டி, ஈ ஃபிளாட், எஃப், ஜி, ஏ, பி. மேஜர் ஸ்கேலில் (நம் சங்கராபரணம்) மூன்றாவது சுரத்தை மட்டும் அரைப்படி, கிட்டாரில் ஒரு ஃப்ரெட், இறக்கினால் இது வந்துவிடும். நம் கணக்கில் சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், காகலி நிஷாதம். அதாவது 23வது மேளம், கௌரிமனோகரி. கீழ்ப்பாதி கரகரப்பிரியா, மேல்பாதி சங்கராபரணம். தியாகராஜரின் "குருலேக எடுவண்டி" இந்த ராகம்தான். கச்சேரிப் பக்கம் போகாதவர்களுக்கு 1965இல் வந்த திருவிளையாடல் படத்தின் "பாட்டும் நானே பாவமும் நானே" போதும். அதன் சுரங்கள் காதில் இருந்தால் மெலடிக் மைனர் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

மேற்கத்திய செவ்வியல் பாடத்தில் மெலடிக் மைனர் ஏறும்போது ஒரு மாதிரி, இறங்கும்போது வேறு மாதிரி. இறக்கத்தில் ஆறாவதும் ஏழாவதும் அரைப்படி இறங்கி நடபைரவி ஆகிவிடும். பியானோ கிரேடு பரீட்சை எழுதிய பிள்ளைகள் இதைச் சொல்லிச் சண்டைக்கு வருவார்கள். ஜாஸில் ஏற்றமும் இறக்கமும் ஒன்றே. அதனால் மோடு கணக்கெல்லாம் நேராகப் போகிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கௌரிமனோகரியின் சுரங்களை ஃப்ரெட் போர்டில் வரிசையாகத் தட்டினால் கௌரிமனோகரி வந்துவிடாது. கமகமும் பிடிகளும் இல்லாமல் ராகம் ஏது? இந்தக் கட்டுரையில் ராகப் பெயர் வரும் இடமெல்லாம் அதன் சுரத்தானங்களைத்தான் சொல்கிறேன். இரண்டையும் குழப்பிக்கொண்டு "ஜாஸ்லயும் சாருகேசி இருக்கு தெரியுமா" என்று பேசுபவர்களைக் கடற்கரைச் சாலையில் நிறையப் பார்த்தாகிவிட்டது.

சரி, மோடுகள். நம்மிடம் கிரகபேதம் என்று ஒன்று உண்டு. ஒரு ராகத்தைப் பாடிக்கொண்டே அதன் வேறொரு சுரத்தைச் சட்ஜமாகப் பாவித்தால், சுரங்கள் மாறாமலேயே வேறு ராகம் கேட்கத் தொடங்கும். ஜி.என். பாலசுப்பிரமணியம் போன்றவர்கள் மேடையில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். கௌரிமனோகரியில் இதைச் செய்தால் ரிஷபத்திலிருந்து நாடகப்பிரியா, 10வது மேளம். மத்யமத்திலிருந்து வாசஸ்பதி, 64வது. பஞ்சமத்திலிருந்து சாருகேசி, 26வது. கௌரிமனோகரியையும் சேர்த்தால் நான்கு ஆயிற்று.

காந்தாரம், தைவதம், நிஷாதம் மூன்றும் பாக்கி. இந்த மூன்றில் எதைச் சட்ஜமாக வைத்தாலும் அதற்குப் பஞ்சமம் கிடைப்பதில்லை. 72 மேளங்களில் ஒவ்வொன்றிலும் ச, ப இரண்டும் அசையாமல் இருந்தாக வேண்டும். பஞ்சமம் இல்லாத வரிசைக்கு மேளத்தில் இடமே கிடையாது. சங்கராபரணத்தில் இதே வேலையைச் செய்தால் நிஷாதம் ஒன்றில்தான் தடுக்கும். மற்ற ஆறும் ராகமாக வந்துவிடும். அதனால்தான் மேஜர் ஸ்கேல் மோடுகளை விளக்கும்போது கல்யாணி, கரகரப்பிரியா, அரிகாம்போதி என்று சுலபமாகச் சொல்லி நகர்ந்துவிட முடிகிறது. மெலடிக் மைனருக்கு வந்ததும் அந்த வண்டி பாதியில் நின்றுவிடும்.

விட்டுப்போன மூன்றுக்கும் ஜாஸில் பெயர் உண்டு. காந்தாரத்திலிருந்து வருவது லிடியன் ஆக்மென்டட். தைவதத்திலிருந்து வருவது லோக்ரியன் நேச்சுரல் டூ. நிஷாதத்திலிருந்து வருவது ஆல்டர்டு. சூப்பர் லோக்ரியன் என்றும் டிமினிஷ்டு ஹோல்டோன் என்றும் அதற்கே இன்னும் இரண்டு பெயர்கள். ஒரு வசதிக்குச் சுருதிப் பெட்டியை வைத்துச் சோதித்துப் பாருங்கள். லோக்ரியன் நேச்சுரல் டூவில் சுத்த மத்யமம் இருக்கிறது. எனவே மத்யம சுருதி வைத்து ஒப்பேற்றிவிடலாம். மற்ற இரண்டில் பஞ்சமமும் இல்லை, சுத்த மத்யமமும் இல்லை. பெட்டியில் சட்ஜத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை மூட வேண்டியதுதான். மூடினாலும் காது ஓரிடத்தில் தங்காது. எங்கேயோ போகவேண்டும் என்றே அரற்றும்.

அந்த அரற்றல்தான் ஜாஸுக்கு வேண்டியது. நம் கச்சேரியில் தம்புரா இரண்டரை மணி நேரம் ஒரே சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அத்தனை நேரம் தங்குவதற்கு உறுதியான தரை வேண்டும், அது பஞ்சமம். ஜாஸில் ஒரு கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள், ஒரு பார் (ஒரு தாள அளவு) நீளம் இருக்கும், சில சமயம் அதில் பாதி. வந்த உடனே கிளம்பப்போகிற கார்டுக்குப் பாயும் தலையணையும் எதற்கு? அதை உட்காரவிடாமல் துரத்துகிற சுரங்கள்தான் வேண்டும். டாமினன்ட் கார்டின் (ஜி7 போல, பெயரில் வெறும் 7 வருவது) வேலையே அடுத்ததை நோக்கித் தள்ளுவது. அதன் பஞ்சமத்தை எடுத்துவிட்டு, அதற்கு அரைப்படி கீழே ஒன்று, அரைப்படி மேலே ஒன்று என்று வைத்தால் தள்ளல் இரட்டிப்பாகிறது.

கிட்டாரில் இதைக் கையால் தொட்டுப் பார்க்க ஒரு பிடி இருக்கிறது. நான் யாருக்குச் சொல்லித் தந்தாலும் இதில்தான் தொடங்குவேன். நான்காம் தந்தியில் 9வது ஃப்ரெட், மூன்றாம் தந்தியில் 10, இரண்டாம் தந்தியில் 11, முதல் தந்தியில் 11. கீழிருந்து பி, எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட். ரூட், அதாவது கார்டின் அடிச்சுரம், எதுவும் இதில் வேண்டாம். அதை பாஸ் வாசிப்பவரிடம் விட்டுவிடுங்கள். அவர் ஜி வாசித்தால் உங்கள் கையில் இருப்பது ஜி7, கூடவே ஷார்ப் நைனும் ஷார்ப் ஃபைவும், அதாவது அரைப்படி ஏற்றிய ஒன்பதாவதும் ஐந்தாவதும். கையை அசைக்காதீர்கள். அவர் டி ஃபிளாட்டுக்குப் போகட்டும். இப்போது அதே பிடி டி ஃபிளாட் 13. ஏ ஃபிளாட்டுக்குப் போனால் ஏ ஃபிளாட் மைனர் சிக்ஸ் நைன், வீட்டுக்கு வந்த மாதிரி அமைதி. எஃப் வாசித்தால் எஃப் ஹாஃப் டிமினிஷ்டு. பி ஃபிளாட் வாசித்தால் சஸ் ஃபிளாட் நைன், ஸ்பானிய வாடை அடிக்கும். நான்கு விரலும் அப்படியே இருக்க, ஐந்து கார்ட் ஆகிவிட்டது. எல்லாமே ஏ ஃபிளாட் மெலடிக் மைனர் என்ற ஒரே ஸ்கேலிலிருந்து வந்தவை.

ஒரு நாள் ஒத்திகையில் அண்ணன் இதை விளையாட்டாகவே செய்தார். நான் பிடியைப் பிடித்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருக்க, அவர் பாஸில் ஒவ்வொரு சுரமாக மாறிக்கொண்டே போனார். "தம்பி, சட்ஜம் எங்கிட்டதான் இருக்கு. நீ என்ன வேணா வாசி, அது என்னன்னு முடிவு பண்றது நான்" என்றார். பாஸ் வாசிப்பவர்களுக்கு இந்தக் கர்வம் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும். கிரகபேதத்தில் பாடகர் மனத்தால் சட்ஜத்தை மாற்றுகிறார், தம்புரா நகராது. இங்கே தம்புராவே நகர்கிறது. மோடு என்று ஏழு தனித்தனி ஸ்கேல்களைப் படிப்பது வீண்வேலை என்று நான் சொல்வது இதனால்தான். உங்களுக்குத் தெரியவேண்டியது ஒரு ஸ்கேல், பிறகு எந்தக் கார்டுக்கு எந்தச் சுரத்திலிருந்து அதை வாசிப்பது என்ற ஒரு கணக்கு.

ஆல்டர்டுக்கான கணக்கு: ரூட்டிலிருந்து அரைப்படி மேலே. ஜி7 மேல் ஏ ஃபிளாட் மெலடிக் மைனர். கிட்டாரில் ஒரு ஃப்ரெட் தூரம்தான், ஆனால் காதில் பெரிய தூரம். ஜி ஆல்டர்டில் ரூட், மேஜர் மூன்றாவது, ஃபிளாட் ஏழாவது என டாமினன்ட்டின் எலும்புக்கூடு இருக்கும். மீதி நான்கும் ஃபிளாட் நைன், ஷார்ப் நைன், ஃபிளாட் ஃபைவ், ஷார்ப் ஃபைவ், ஒன்றுகூட நல்லபிள்ளை கிடையாது. கீழ்ப்பக்கம் அரை, முழு, அரை, முழு என்று டிமினிஷ்டு போல ஏறும். மேல்பக்கம் முழுக்க ஹோல்டோன். டிமினிஷ்டு ஹோல்டோன் என்ற பெயர் அதனால் வந்ததுதான்.

இதை வாசிக்கிற பிள்ளைகள் பலர் ஸ்கேலை ஜி-யில் தொடங்கி வரிசையாக ஏறுவார்கள். வரிசையாக ஏறினால் அது பயிற்சி மாதிரியே கேட்கும். ஏ ஃபிளாட் மைனர் என்றே நினைத்துக்கொண்டு, அந்த மைனரில் உங்களுக்குப் பிடித்த ஒரு வரியை வாசித்துவிட்டு, கடைசிச் சுரத்தை மட்டும் சி மேஜருக்குள் இறக்குங்கள். உதாரணமாக ஏ ஃபிளாட், பி, ஈ ஃபிளாட், ஜி என்று ஏறி, எஃப், டி ஃபிளாட், பி, ஏ ஃபிளாட் என்று இறங்கினால் எட்டுச் சுரம், ஒரு பார். அடுத்த பாரின் முதல் தட்டில் ஜி. ஏ ஃபிளாட்டிலிருந்து ஜி-க்கு அரைப்படி நழுவும்போதுதான் கதவு திறக்கும். அந்த அரைப்படி இல்லாவிட்டால் முன்னால் வாசித்த எட்டும் வெறும் அபஸ்வரம். ஆல்டர்டு வாசிப்பது சுலபம், அதிலிருந்து இறங்குவதில்தான் விஷயம். வேகமாக வாசிக்கிறவர்கள் இறங்கும் இடத்தை மறந்துவிடுகிறார்கள்.

டி ஃபிளாட் 7 பற்றி ஒரு சொல். ஜி7-க்கும் டி ஃபிளாட் 7-க்கும் மூன்றாவதும் ஏழாவதும் பொது. பி, எஃப் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். ஜி7 இருக்க வேண்டிய இடத்தில் டி ஃபிளாட் 7 போடுவதை ட்ரைடோன் (மூன்று முழுப்படி தூரம்) சப்ஸ்டிட்யூஷன் என்கிறார்கள். டி ஃபிளாட்டிலிருந்து அதே ஏ ஃபிளாட் மெலடிக் மைனரைப் பார்த்தால் அது நான்காவது மோடு, லிடியன் டாமினன்ட், நம் வாசஸ்பதியின் சுரங்கள். மேளத்துக்குள் வராத ஆல்டர்டும், பாபநாசம் சிவன் "பராத்பரா" பாடிய வாசஸ்பதியும் ஒரே சுரக்கூட்டத்தின் இரண்டு முகங்கள். பாஸ் ஒரு ட்ரைடோன் நகர்ந்தால் ஒன்று மற்றொன்றாகிவிடுகிறது. கேட்டுப் பழகினால் ஒழிய இதை நம்புவது கஷ்டம்.

மைனர் கீ-யில் வரும் டூ-ஃபைவ்-ஒன், அதாவது இரண்டாம், ஐந்தாம், முதல் சுரங்களின் கார்டுகள் வரிசையாக வருவதுதான், மெலடிக் மைனருக்குச் சரியான ஆடுகளம். இதற்கு எங்கள் ஊரில் ஒரு பாட்டு காத்திருக்கிறது. உலகம் முழுக்க "ஆட்டம் லீவ்ஸ்" என்று வாசிக்கப்படும் அந்தப் பாட்டு அடிப்படையில் பிரெஞ்சுப் பாட்டு. ஜோசப் கோஸ்மா 1945இல் போட்ட மெட்டு, வரிகள் ழாக் ப்ரெவேர். ஆங்கில வரிகளை ஜானி மெர்சர் பிறகு எழுதினார். நாங்கள் இதை எடுத்தால் உணவகத்தில் யாராவது ஒரு முதியவர் "லெ ஃபேய் மோர்த்" என்று பிரெஞ்சிலேயே முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார். 1958இல் கேனன்பால் ஆடர்லி, மைல்ஸ் டேவிஸோடு பதிவு செய்தது ஜி மைனரில். நாங்களும் அந்தச் சுருதியில்தான் வாசிக்கிறோம்.

ஜி மைனரில் டூ-ஃபைவ்-ஒன் என்றால் ஏ ஹாஃப் டிமினிஷ்டு, டி7, ஜி மைனர். ஹாஃப் டிமினிஷ்டுக்குக் கணக்கு, ரூட்டிலிருந்து மைனர் மூன்றாவது மேலே: சி மெலடிக் மைனர். டி7 ஆல்டர்டுக்கு அரைப்படி மேலே: ஈ ஃபிளாட் மெலடிக் மைனர். ஜி மைனருக்கு ஜி மெலடிக் மைனரே. சி, ஈ ஃபிளாட், ஜி. மூன்று இடம், ஒரே விரல் வரைபடம், முதலில் மூன்று ஃப்ரெட் மேலே, அப்புறம் நான்கு ஃப்ரெட் மேலே. பியானோக்காரர் ஒவ்வொன்றுக்கும் விரலை மாற்றி யோசிக்க வேண்டும். நாம் கையை நகர்த்தினால் போதும். கிட்டாருக்குக் கிடைத்த சலுகைகள் குறைவு, இது அதில் ஒன்று. முன்னால் சொன்ன பிடியையும் இப்படியே நகர்த்தலாம். நான்காம் தந்தியிலிருந்து 1, 2, 3, 3 என்று பிடித்தால் ஏ ஹாஃப் டிமினிஷ்டு. 4, 5, 6, 6 என்றால் டி7 ஆல்டர்டு. 8, 9, 10, 10 என்றால் ஜி மைனர் சிக்ஸ் நைன். பாஸ் கூட இருந்தால் இந்த ஒரு பிடியை வைத்தே பாட்டின் அந்த இடத்தை ஓட்டிவிடலாம்.

ஆனால் ஹாஃப் டிமினிஷ்டில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஏ ஹாஃப் டிமினிஷ்டு மேல் சி மெலடிக் மைனர் வாசித்தால் அதில் பி நேச்சுரல் வரும். பாட்டு இருப்பது ஜி மைனரில், அங்கே காது எதிர்பார்ப்பது பி ஃபிளாட். பி நேச்சுரல் என்பது ஜி மேஜரின் மூன்றாவது. கதை சோகமாகப் போகப்போகிறது என்று எல்லோரும் தயாராக இருக்கும்போது ஒருவர் சிரித்துவிட்டது போல ஆகிவிடும். பாடப்புத்தகங்கள் இதை அழகு என்கின்றன. அழகுதான், அந்த பி-க்கு அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று தெரிந்திருந்தால். ஏ ஹாஃப் டிமினிஷ்டு மேல் பி, டி7 மேல் பி ஃபிளாட், ஜி மைனர் மேல் ஏ. மூன்று கார்டுக்கு மூன்று நீண்ட சுரம், அரைப்படி அரைப்படியாக இறக்கம். இப்படி வாசித்தால் அந்தச் சிரிப்புக்கே ஒரு அர்த்தம் வந்துவிடும். சும்மா ஸ்கேலில் இருக்கிறதே என்று தொட்டால் நான் பழைய லோக்ரியனையே, அதாவது பி ஃபிளாட் உள்ள மேஜர் ஸ்கேல் மோடையே, சிபாரிசு செய்வேன்.

வாசஸ்பதி முகத்துக்குத் திரும்பி வருகிறேன். லிடியன் டாமினன்ட் பஞ்சமம் உள்ளது என்பதால் ஆல்டர்டு போல ஓடாது, நிற்கும். அதனால் ரெசால்வ் ஆகாத, அதாவது அடுத்ததில் போய் இறங்காத, டாமினன்ட் கார்டுகளுக்கெல்லாம் அது பொருந்தும். கணக்கு, ரூட்டிலிருந்து ஐந்தாவது மேலே. பில்லி ஸ்ட்ரேஹார்ன் எழுதி, ட்யூக் எலிங்டன் குழு 1941இல் பதிவு செய்த "டேக் தி ஏ ட்ரெயின்" சி மேஜரில் வாசிக்கும்போது இரண்டாவது கார்ட் டி7. அங்கே மெட்டே ஜி ஷார்ப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதுதான் ஷார்ப் லெவன். ஏ மெலடிக் மைனர் வாசிக்க இதைவிடத் தெளிவான அழைப்பு வேண்டியதில்லை. ஜோபிமின் "கேர்ள் ஃப்ரம் இபனேமா" எஃப் மேஜரில் இரண்டாவது கார்ட் ஜி7, அதற்கு டி மெலடிக் மைனர். கொஞ்சம் தள்ளி வரும் ஜி ஃபிளாட் 7-க்கு டி ஃபிளாட் மெலடிக் மைனர். சுற்றுலாக்காரர்கள் இந்தப் பாட்டைக் கேட்காத சனிக்கிழமை கிடையாது. சலிப்பைத் தாங்க இந்த இரண்டு கார்டும்தான் எனக்குக் கைகொடுக்கின்றன.

ஒரு விஷயம் எனக்கு இன்னும் ஆச்சரியம். தமிழ்நாட்டில் இந்தக் குடும்பத்திலேயே அதிகம் கொண்டாடப்பட்டது சாருகேசி. 1944இல் ஹரிதாஸ் படத்தில் பாகவதர் "மன்மத லீலையை" பாடியதிலிருந்து அதற்கு இறங்குமுகமே இல்லை. ஜாஸில் அதே ஐந்தாவது மோடு, மிக்ஸோலிடியன் ஃபிளாட் சிக்ஸ், ஏறக்குறைய அநாதை. மெலடிக் மைனரில் "தவிர்க்க வேண்டிய சுரம்" கிடையாது என்று ஜாஸ் பாடங்களில் சொல்வார்கள். ஜி7 மேல் சி மெலடிக் மைனர் வாசித்தால் சி என்ற சுரம் கார்டின் பி-யோடு அரைப்படியில் உரசும். அப்போது அந்த விதி அங்கே செல்லவில்லை. சாருகேசியில் மத்யமம் உரசாது, ஏனென்றால் அடியில் கார்டே இல்லை. ஒரு காந்தாரமும் மத்யமமும் சேர்ந்தாற்போல் ஒலித்துக்கொண்டிருப்பதில்லை, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாடகர் நகர்கிறார். கார்ட் என்று ஒன்று வந்ததும் எது இனிமை, எது தொந்தரவு என்ற பட்டியலே மாறிவிடுகிறது. கடலூரிலிருந்து, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, வயலின் படித்த ஒரு பெண் என்னிடம் கிட்டார் கற்க வருகிறாள். அவள் ஜி7 கார்டை வாசித்துக்கொண்டு மேலே சாருகேசி பாடிவிட்டு, "சார், பாடும்போது நல்லாயிருக்கு, கார்டோட சேர்த்தா மட்டும் ஏன் சார் ஒட்டல?" என்று கேட்டாள். கார்டில் மூன்றாவது சுரத்தை எடுத்துவிட்டு வாசி என்றேன். ஒட்டியது.

நாடகப்பிரியா, அதாவது டோரியன் ஃபிளாட் டூ, சஸ் ஃபிளாட் நைன் கார்டுக்கு மட்டும்தான் எனக்கு உதவியிருக்கிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. லிடியன் ஆக்மென்டட் கொஞ்சம் வாசனைத் திரவியம். சி மேஜர் 7 ஷார்ப் ஃபைவ் மேல் ஏ மெலடிக் மைனர். பாட்டு முடிகிற கடைசிக் கார்டில் ஒரு முறை தூவினால் எழுந்து போகிறவர்கூடத் திரும்பிப் பார்ப்பார், இரண்டு முறை தூவினால் பில் கேட்பார்.

முதல் மோடான கௌரிமனோகரியே வீடாக இருக்கிற பாட்டுகளும் உண்டு. மைல்ஸ் டேவிஸ் பெயரில் 1954இல் பதிவான "சோலார்" சி மைனர் மேஜர் செவனில் திறக்கும். ஹோரஸ் சில்வரின் "நிகாஸ் ட்ரீம்" பி ஃபிளாட் மைனர் மேஜர் செவனில் தொடங்கி ஏ ஃபிளாட்டுக்கு இறங்கும். மைனர் கார்டில் மேஜர் ஏழாவது என்பது முதலில் கேட்கும்போது கத்திமுனை மாதிரி இருக்கும். நம் காதுக்கு அப்படி இருக்கத் தேவையில்லை. சாதாரண காந்தாரமும் காகலி நிஷாதமும் நாம் கேட்டு வளர்ந்த சேர்க்கை. பிள்ளைகள் இந்தக் கார்டைப் பார்த்துப் பயந்தால் "பாட்டும் நானே"யின் முதல் வரியைப் பாடச் சொல்வேன். பயம் அதோடு போய்விடும்.

பிலடெல்பியாவின் ஜாஸ் கிட்டார்காரர் பாட் மார்ட்டினோ எந்தக் கார்டையும் மைனராக மாற்றியே யோசித்தார் என்பது கிட்டார் உலகத்தில் தெரிந்த கதை. 1980இல் மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு நினைவிழந்து, கிட்டாரையே திரும்பக் கற்று மேடைக்கு வந்த மனிதர். அவருடைய வழியை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. ஆனால் ஏழு பெயரை விட்டுவிட்டு ஒரே மைனரை நகர்த்துவது என்ற யோசனை கிட்டாரின் உடம்புக்குப் பொருந்துகிறது. பயிற்சிக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு சுரத்தை பாஸாகப் பதிவு செய்து ஓடவிட்டு, அதன் மேல் மெலடிக் மைனரை அரைப்படி மேலே, மைனர் மூன்றாவது மேலே, ஐந்தாவது மேலே என்று மாற்றி மாற்றி மெதுவாகப் பாடுங்கள். பாடிய பிறகு வாசியுங்கள். பாட முடியாததை வாசித்தால் விரல்தான் வாசிக்கும். கடலோரத்தில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் வாசித்து முடித்ததும் துணியால் துடைத்துவிடுங்கள். இதற்கும் மெலடிக் மைனருக்கும் சம்பந்தமில்லை, ஆனால் யாரும் கேட்பதில்லை.

ஜூன் 21 ஃபெத் தெ லா முசீக் என்ற இசைத் திருவிழாவுக்கு நாங்கள் மறுபடியும் "ஆட்டம் லீவ்ஸ்" வைத்திருக்கிறோம். ஒத்திகையில் கடைசிச் சுற்றில் அண்ணன் டி வாசிக்க வேண்டிய இடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஏ ஃபிளாட் வாசித்தார். நான் ஈ ஃபிளாட் மெலடிக் மைனரில் பாதி வரியில் இருந்தேன். எதையும் மாற்றவில்லை. ஆல்டர்டாகத் தொடங்கிய வரி லிடியன் டாமினன்டாக முடிந்து ஜி மைனருக்குள் இறங்கியது. "கவனிச்சியா?" என்றார். கவனித்தேன் என்றேன். "அப்ப மேடையிலயும் போடுவேன், எந்தச் சுற்றுலன்னு சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆம்ப்ளிஃபயரை அணைத்தார்.